மோரியார்ட்டிக்கு எத்தனை முகம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாருக்காவது ஷெர்லாக் ஹோம்ஸ் தொடர் ஒன்றைப் பார்க்கச் சொன்னால், இரண்டு வாரத்தில் எனக்கு ஒரு செய்தி வரும். “இந்தப் பொடிப்பயலா மோரியார்ட்டி?” என்று பாதிப் பேர் கேட்பார்கள். மீதிப் பேருக்கு, “கடைசியில் பெண் என்கிறார்களே, இது என்ன கூத்து?” என்று இருக்கும். ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகத் தட்டிக் கை ஓய்ந்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்து எல்லாவற்றையும் இங்கே எழுதிவிட்டேன். முடிச்சுகள் எல்லாமே இதில் அவிழும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், பக்கம் எங்கேயும் போகாது.

மோரியார்ட்டின்னா யாரு? எனக்கு ஹோம்ஸை மட்டும்தான் தெரியும்.

ஆர்தர் கோனன் டாயில் எழுதிய ஹோம்ஸ் கதைகளின் பெரிய எதிரி. 1893 டிசம்பரில் ‘ஸ்ட்ராண்ட்’ பத்திரிகையில் வந்த ‘தி ஃபைனல் ப்ராப்ளம்’ சிறுகதையில் அறிமுகம் ஆகிறார். வெளியுலகத்துக்கு அவர் கணிதப் பேராசிரியர். இருபத்தொரு வயதில் ஈருறுப்புத் தேற்றத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கியவர். அதை வைத்து ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. அப்புறம் ஊரில் ஏதோ வதந்தி கிளம்ப, பதவியை விட்டுவிட்டு லண்டனுக்கு வந்து, ராணுவத் தேர்வு எழுதுகிறவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே அவர் வேறு ஆள். லண்டனில் நடக்கும் குற்றங்களில் பாதிக்கு மூளை அவர்தான் என்கிறார் ஹோம்ஸ். தன் கையால் எதையும் செய்யமாட்டார். வலையின் நடுவில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் சிலந்தி மாதிரி, எந்த இழை அதிர்ந்தாலும் அவருக்குத் தெரியும். ‘குற்ற உலகின் நெப்போலியன்’ என்பது ஹோம்ஸ் அவருக்கு வைத்த பெயர். 1891 மே 4 அன்று சுவிட்சர்லாந்தின் ரைகன்பாக் அருவி விளிம்பில் இருவரும் கட்டிப் புரண்டு விழுந்தார்கள் என்று கதை முடியும். ஹோம்ஸ் பிழைத்த விஷயம் அந்தக் கதை வெளிவந்து பத்து வருடம் கழித்து, 1903இல்தான் வாசகர்களுக்குத் தெரிந்தது.

புத்தகம் வாங்கிப் படிச்சேன். எங்க தேடினாலும் ஆளையே காணோமே?

உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. மொத்தம் 60 ஹோம்ஸ் கதைகள். அதில் ஏழில்தான் அவர் பெயரே அடிபடுகிறது. அவற்றிலும் பெரும்பாலானவை, “மோரியார்ட்டி போனபிறகு லண்டனே சுவாரசியம் இல்லாமல் போய்விட்டது” என்கிற ரகத்து ஒற்றை வரிக் குறிப்புகள். 1914இல் தொடராக வரத் தொடங்கிய ‘தி வேலி ஆஃப் ஃபியர்’ நாவலில் அவரைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், ஆள் வருவதில்லை.

நேரில் வருகிற அந்த ஒரு கதையிலும், ஹோம்ஸின் நண்பரும் கதை சொல்பவருமான வாட்சன் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ரயில் கிளம்பிய பிறகு விக்டோரியா நிலையத்தில் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வரும் ஓர் உயரமான மனிதர், பிறகு அருவிக்குப் போகும் பாதையில் வேகமாக ஏறும் ஒரு கறுப்பு உருவம். வாட்சன் பார்த்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் ஹோம்ஸ் வாய்வழிக் கேட்டது: ரொம்ப உயரம், ஒல்லி, முன்தள்ளி வளைந்த வெள்ளை நெற்றி, குழிந்த கண்கள், படித்துப் படித்துக் கூனிய தோள், பாம்பு மாதிரி பக்கவாட்டில் மெதுவாக ஆடிக்கொண்டே இருக்கும் தலை.

காரணம் எளிது. டாயிலுக்கு ஹோம்ஸ் சலித்துவிட்டார். சரித்திர நாவல்கள் எழுத வேண்டும் என்பது அவர் ஆசை. ஹோம்ஸைக் கொன்றுவிடப் போகிறேன் என்று 1891லேயே அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். அம்மா கூடாதென்று தடுத்துவிட்டார். 1893இல் சுவிட்சர்லாந்து போனபோது அந்த அருவியைப் பார்த்தார். இடம் கிடைத்துவிட்டது, இனி தள்ளிவிட ஓர் ஆள் வேண்டும். அப்படி வந்தவர்தான் பேராசிரியர். கத்தி அவசரமாகத் தேவைப்படுகிறவர் பிடியின் வேலைப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார். அதனால்தான் அந்தப் பாத்திரத்துக்குள் இவ்வளவு காலி இடம். கீழே வரப்போகிற எல்லாப் பதில்களுக்கும் இந்தக் காலி இடம்தான் அடிப்படை, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே கதையில வந்த ஆள் எப்படி இவ்வளவு பெரிய வில்லன் ஆனார்?

மேடையும் சினிமாவும் செய்த வேலை. சிறுகதையில் ஹோம்ஸுக்கு மாதம் ஒரு வழக்கு போதும். மூன்று மணி நேர நாடகத்துக்கு அது போதாது, எதிரே நிற்க ஓர் ஆள் வேண்டும். அமெரிக்க நடிகர் வில்லியம் ஜில்லெட் 1899இல் ஹோம்ஸ் நாடகம் போட்டபோது மோரியார்ட்டியைத்தான் எதிரே நிறுத்தினார். அதன்பிறகு அவர் இல்லாத ஹோம்ஸ் என்பது உப்பில்லாச் சாப்பாடு மாதிரி ஆகிவிட்டது.

ஆளை மாற்றுவதும் அன்றே தொடங்கிவிட்டது. பேசில் ராத்போன் ஹோம்ஸாக நடித்த படங்களில் 1939 முதல் 1945 வரை மூன்று மோரியார்ட்டிகள்: ஜார்ஜ் சூக்கோ, லயனல் அட்வில், ஹென்றி டேனியல். ஹோம்ஸும் வாட்சனும் அப்படியே இருக்க, வில்லனுக்கு மட்டும் படத்துக்கு ஒரு முகம். மூன்று பேருமே உயரத்திலிருந்து விழுந்துதான் சாகிறார்கள். அருவியை விட்டாலும் விழுவதை விட மனமில்லை போல. சோவியத் தொலைக்காட்சி 1980இல் ஒரு படி மேலே போனது: உடம்பு விக்டர் யெவ்கிராஃபோவுடையது, குரல் ஓலெக் தால் என்கிற இன்னொரு நடிகருடையது. ஆக ஒரு மோரியார்ட்டிக்கே இரண்டு பேர்.

கதையில எழுதியிருக்கிற மாதிரியே யாராவது நடிச்சிருக்காங்களா?

எரிக் போர்ட்டர். பிரிட்டனின் கிரனாடா தொலைக்காட்சி ஜெரமி பிரெட்டை ஹோம்ஸாக வைத்து எடுத்த தொடரில், 1985இல் வந்த அத்தியாயங்களில் பார்க்கலாம். ஸ்ட்ராண்டில் சிட்னி பேஜட் வரைந்த படம் எழுந்து நடந்து வந்த மாதிரி இருப்பார். பேக்கர் தெரு வீட்டுக்கு வந்து ஹோம்ஸை மிரட்டும் காட்சி கிட்டத்தட்டக் கதையில் உள்ளபடியே வரும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மூலத்துக்கு இவ்வளவு விசுவாசமாக இருந்தவர்களாலேயே மூலத்தோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. திடீரென்று ஒருவர் வந்து ஹோம்ஸைக் கொன்றுவிட்டுப் போனால் பார்க்கிறவர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அதனால் சிவப்பு முடிக்காரர்கள் சங்கத்தைப் பற்றிய கதையின் பின்னாலும் மோரியார்ட்டிதான் இருந்தார் என்று சேர்த்தார்கள். அவர் மோனாலிசா ஓவியத்தைத் திருடவைத்தார் என்று இன்னொன்றையும் சேர்த்தார்கள். இரண்டும் டாயில் எழுதாதவை.

சரி, பிபிசி ‘ஷெர்லாக்’ல ஏன் ஒரு சின்னப் பையனைப் போட்டாங்க?

ஆண்ட்ரூ ஸ்காட், டப்ளின்காரர். 2010இல் முதல் முறை திரையில் வந்தபோது அவருக்கு வயது 33, பையன் என்று சொல்லும் வயதில்லை. அவர் பிறந்தது 1976 அக்டோபர். ஹோம்ஸாக நடித்த பெனடிக்ட் கம்பர்பாட்ச் பிறந்தது 1976 ஜூலை. இருவருக்கும் மூன்று மாத வித்தியாசம். எனக்குத் தெரிந்து இந்தத் தொடரின் மிகப் பெரிய முடிவு இதுதான், கதையை இந்தக் கால லண்டனுக்குக் கொண்டுவந்து செல்பேசியும் டாக்சியும் சேர்த்தது இல்லை.

கதையில் பேராசிரியர் மூத்தவர். எதிரி என்றாலும் ஒரு வாத்தியார் தன்மை உண்டு, ஹோம்ஸிடம் பேசும்போதே “தம்பி, விலகிக்கொள்” என்கிற தொனி. தொடரை உருவாக்கிய ஸ்டீவன் மொஃபாட்டும் மார்க் கேட்டிஸும் அந்த வயது வித்தியாசத்தை எடுத்துவிட்டார்கள். மோரியார்ட்டி என்றால் வழக்கமாகப் பூசிமெழுகிய கனவான் வில்லன்தானே, நிஜமாகவே பயமுறுத்துகிற ஒருவன் வேண்டும் என்பது மொஃபாட் வெளிப்படையாகவே சொன்ன காரணம். அதன் விளைவு என்ன என்றால், ஒரே வகுப்பில் படித்த இரண்டு மேதாவிகள் எதிரெதிரே நிற்பதைப் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. ஒருவனுக்குச் சலிப்பு வந்தால் குற்றத்தைக் கண்டுபிடிப்பான், இன்னொருவனுக்குச் சலிப்பு வந்தால் குற்றத்தை உண்டாக்குவான். இதற்காக ஸ்காட்டுக்கு 2012இல் பாஃப்டாவின் சிறந்த துணை நடிகர் விருது கிடைத்தது. தகும்.

ஆஸ்பத்திரியில மோலியோட வந்தானே ஜிம்னு ஒருத்தன், அவனேதானா இவன்?

அவனேதான். முதல் பருவத்தின் மூன்றாம் அத்தியாயம், 2010 ஆகஸ்ட் 8 அன்று ஒளிபரப்பானது. பிணவறையில் வேலை பார்க்கும் மோலி, “என் நண்பர், ஐடி பிரிவில் இருக்கிறார்” என்று ஒருவனை அழைத்து வருகிறாள். அவன் அசடு வழியச் சிரித்துவிட்டுப் போகிறான். ஷெர்லாக் நிமிர்ந்துகூடச் சரியாகப் பார்ப்பதில்லை. பார்த்த அரை நொடியில் அவன் உடையையும் தலைமுடியையும் வைத்து ஏதோ கண்டுபிடித்து, மோலியின் மனதையும் உடைத்துவிடுகிறான். அத்தியாயம் முடியும்போது நீச்சல்குளத்தின் ஓரத்தில் அதே ஆள் கச்சிதமான கோட்டு சூட்டில் நடந்து வருகிறான். ஷெர்லாக் ‘கண்டுபிடித்த’ ஒவ்வொன்றும் அவன் வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனது.

இந்தத் தந்திரம் ஏன் நம் மீதும் பலித்தது என்று யோசித்துப் பாருங்கள். மோரியார்ட்டி வரப்போகிறார் என்று முதல் அத்தியாயத்திலிருந்தே தெரியும். கேட்டிஸே நடித்த, குடையோடு வரும் அந்த மர்ம மனிதரைப் பார்த்து, இவர்தான் போல என்று நாம் நம்பும்படியும் காட்டினார்கள். பார்த்தால் அவர் ஷெர்லாக்கின் அண்ணன். நாம் உயரமான, கூன் விழுந்த, நெற்றி அகன்ற ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தோம். பொருந்தாத ஆளைப் போட்டதே மாறுவேடம் ஆகிவிட்டது. எரிக் போர்ட்டரை வைத்து இந்த வித்தையைச் செய்திருக்கவே முடியாது.

பேராசிரியர் வேலை, கணக்கு, அந்தச் சிலந்தி எல்லாம் எங்க போச்சு?

பேராசிரியர் பட்டம் போய்விட்டது. சிலந்தி பாதி மிஞ்சியது. ஷெர்லாக் தன்னை ‘ஆலோசனைத் துப்பறிவாளன்’ என்று சொல்லிக்கொள்வதைத் திருப்பிப்போட்டு, இவன் ‘ஆலோசனைக் குற்றவாளி’ ஆனான். காசு கொடுத்தால் திட்டம் போட்டுத் தருவான். முதல் பருவம் முழுக்க அப்படித்தான், பெயராகவும் வேறு யார் வாய் வழியாகவோ வரும் குரலாகவும் மட்டும் இருக்கிறான். அந்த வரைக்கும் டாயிலின் சிலந்திதான்.

2012 ஜனவரியில் வந்த ‘தி ரைகன்பாக் ஃபால்’ அத்தியாயத்தில் சிலந்தி வலையை விட்டு இறங்கிவிட்டது. லண்டன் கோபுரம், இங்கிலாந்து வங்கி, பென்டன்வில் சிறை மூன்றையும் ஒரே நேரத்தில் திறக்கிறான். கோபுரத்துக்கு அவனே போய், கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அரியணையில் உட்கார்ந்திருக்கிறான். எந்தப் பூட்டையும் திறக்கும் ஒரு சூத்திரம் இருக்கிறது என்று எல்லாரும் அலைகிறார்கள், கடைசியில் அப்படி ஒன்றுமே இல்லை. உள்ளே இருந்த ஆட்களுக்குப் பணம் கொடுத்திருக்கிறான், அவ்வளவுதான். கணித மேதையை வைத்து எழுதப்பட்ட பாத்திரத்தின் உச்சக்கட்ட ரகசியம் ‘இதில் கணக்கே கிடையாது’ என்பது. முதல் தடவை பார்த்தபோது ஏமாற்றமாக இருந்தது. இரண்டாம் தடவை சிரித்துவிட்டேன்.

நீங்க ஒரு இடத்துல ‘அவர்’ங்கிறீங்க, ஒரு இடத்துல ‘அவன்’ங்கிறீங்க. தட்டச்சுப் பிழையா?

இல்லை, தெரிந்துதான் எழுதுகிறேன். கதையில் இருக்கும் பேராசிரியரை ‘அவன்’ என்று எழுத எனக்கு வாய் வரவில்லை. எத்தனை கொலை செய்திருந்தாலும் படித்தவர், வயதில் மூத்தவர், ஹோம்ஸே மரியாதையோடு பேசுகிறார். ஆண்ட்ரூ ஸ்காட்டின் ஜிம்மை ‘அவர்’ என்று எழுதிப் பார்த்தேன், வேறு யாரையோ சொல்கிற மாதிரி இருந்தது. ஆங்கிலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே சொல். பிபிசி செய்த மாற்றம் என்ன என்று ஒரு வரியில் கேட்டால், ‘அவர்’ ‘அவன்’ ஆனார் என்பேன்.

‘எலிமென்டரி’ தொடரை வீட்டில் பார்க்காதவர்களுக்குக் கதையாகச் சொன்னபோது இதே விஷயம் என் கழுத்தைப் பிடித்தது. முதல் பருவம் முழுக்க ‘அவன்’ என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசியில் ‘அவள்’ என்றதும், “இத்தனை நாள் பொய் சொன்னாயா?” என்று சித்தி சண்டைக்கு வந்துவிட்டார். அந்தத் தொடரிலும் எல்லாரும் ஆண் என்று நினைத்துத்தான் பேசுகிறார்கள், நான் என்ன செய்ய?

அது என்ன ‘எலிமென்டரி’? அதுல மோரியார்ட்டி பெண்ணாமே?

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 2012 முதல் 2019 வரை ஏழு பருவம், 154 அத்தியாயம் ஓடிய தொடர். இந்தக் கால நியூயார்க்கில் போதைப் பழக்கத்திலிருந்து மீண்டுவரும் ஷெர்லாக்காக ஜானி லீ மில்லர், அவருக்குத் துணையாக அமர்த்தப்படும் ஜோன் வாட்சனாக லூசி லியூ. லண்டனில் தான் காதலித்த ஐரீன் ஆட்லரைக் கொன்றவன் மோரியார்ட்டி என்று ஷெர்லாக் நம்புகிறான். அந்தச் சாவுதான் அவனைப் போதையில் தள்ளியது. 2013 மே 16 அன்று முதல் பருவத்தின் கடைசி இரண்டு அத்தியாயங்களும் ஒரே இரவில் வந்தன. ஐரீன் உயிரோடு கிடைக்கிறாள். கொஞ்ச நேரத்தில், அவள்தான் மோரியார்ட்டி. முழுப் பெயர் ஜேமி மோரியார்ட்டி.

நாட்டலி டோர்மர் நடித்தார். ஐரீனாக இருக்கும்வரை அமெரிக்க உச்சரிப்பு, உண்மை வெளிப்பட்டதும் இங்கிலாந்து உச்சரிப்பு. ஒரு வாக்கியத்துக்குள் ஆளே மாறிவிடுவார். முன்பு தொலைபேசியில் கேட்ட ஆண் குரல் அவளிடம் வேலை பார்த்தவனுடையது. பெண் என்று தெரிந்தால் வேலை கொடுக்கத் தயங்குகிறவர்கள் இருந்தார்களாம், அதனால் அந்த ஏற்பாடு.

பெண்ணா மாத்தினது சும்மா பரபரப்புக்குத்தானே? உண்மையைச் சொல்லுங்க.

முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அவர்கள் செய்தது ஆணைப் பெண்ணாக்கியது மட்டும் என்றால் அது பரபரப்புதான். இங்கே இரண்டு பாத்திரங்களை ஒன்றாக்கினார்கள். டாயிலின் கதைகளில் ஹோம்ஸை ஜெயித்தவள் ஐரீன் ஆட்லர், ஹோம்ஸை அழிக்க வந்தவர் மோரியார்ட்டி. அறிவில் சமமானவர்கள் என்று ஹோம்ஸ் மதித்தவர்கள் என்றால் முதலில் ஞாபகம் வருவது இந்த இரண்டு பேரும்தான். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் என்ன என்பது நல்ல கேள்வி.

இன்னொரு நூலும் இருக்கிறது. ‘தி வேலி ஆஃப் ஃபியர்’ நாவலில், பேராசிரியரின் சுவரில் தொங்கும் ஒரு ஓவியத்தை வைத்துத்தான் ஹோம்ஸ் அவரைச் சந்தேகிப்பதை விளக்குகிறார். க்ரூஸ் என்கிற பிரெஞ்சு ஓவியருடையது. வருடத்துக்கு 700 பவுண்டு சம்பளக்காரருக்கு அது எப்படி வந்தது? அவருக்கு முன்மாதிரி என்று சொல்லப்படும் ஆடம் வொர்த் என்கிற நிஜத் திருடரும் 1876இல் கெய்ன்ஸ்பரோ வரைந்த டெவன்ஷைர் சீமாட்டி ஓவியத்தை லண்டனில் திருடி, கால் நூற்றாண்டு விற்காமல் வைத்திருந்தவர். எலிமென்டரியின் ஐரீனுக்கு வேலை பழைய ஓவியங்களைச் சீர்செய்வது. அசலைத் தன் வீட்டில் மாட்டிக்கொண்டு போலியைத் திருப்பி அனுப்புகிறவள். முகமும் பாலினமும் நாடும் மாறினாலும் சுவரில் தொங்கும் அந்த ஓவியம் மாறவில்லை.

கடைசியில் அவளைத் தோற்கடிப்பது ஷெர்லாக் தனியாக இல்லை, ஜோன் வாட்சனின் கணிப்பு. ‘இவளுக்கு அவன் மீது காதல் இருக்கிறது, அதுதான் இவளுடைய ஓட்டை’ என்று ஜோன்தான் கண்டுபிடிக்கிறாள். மூலத்தில் வாட்சனைப் போலிக் கடிதம் கொடுத்து அருவிப் பக்கத்திலிருந்து அனுப்பிவிட்டுத்தான் சண்டையே நடக்கும். நூற்றிருபது வருடம் கழித்து அந்தக் கணக்கை நேர்செய்த மாதிரி எனக்குப் பட்டது.

இப்படி இஷ்டத்துக்கு மாத்த சட்டத்துல இடமிருக்கா? டாயில் குடும்பம் கேட்காதா?

டாயில் இறந்தது 1930. பிரிட்டனில் பதிப்புரிமை 2000ஆம் ஆண்டோடு முடிந்தது. அமெரிக்காவில்தான் இழுபறி, கடைசிக் கதைகள் 2023 ஜனவரி 1 அன்றுதான் பொதுச்சொத்தாயின. ஆனால் மோரியார்ட்டி வரும் முக்கியக் கதைகள் 1893லும் 1915க்குள்ளும் வந்தவை. 1923க்கு முந்தைய கதைகளில் இருக்கும் பாத்திரங்களை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று 2014இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தெளிவாகவே சொல்லிவிட்டது.

சட்டத்தை விடுங்கள், டாயிலே கவலைப்படவில்லை. மேலே சொன்ன ஜில்லெட், நாடகத்தில் ஹோம்ஸுக்குக் கல்யாணம் செய்துவைக்கலாமா என்று தந்தி அடித்துக் கேட்டார். கல்யாணம் செய்யுங்கள், கொல்லுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று பதில் வந்ததாம். கதாநாயகனுக்கே அந்த நிலை என்றால் வில்லனைக் கேட்பானேன்!

மத்த வில்லன்களையும் இப்படி மாத்தியிருக்காங்களா?

மாற்றியிருக்கிறார்கள். டாயிலின் சார்லஸ் அகஸ்டஸ் மில்வர்டன் கடிதங்களை வைத்துப் பணம் பறிப்பவர். பிபிசியில் அவர் சார்லஸ் அகஸ்டஸ் மாக்னுசன் என்கிற பத்திரிகை முதலாளி ஆனார், டென்மார்க் நடிகர் லார்ஸ் மிக்கல்சன். எலிமென்டரியில் மோரியார்ட்டியின் வலதுகையான செபாஸ்டியன் மோரானாக வந்தவர் பழைய கால்பந்து வீரர் வின்னி ஜோன்ஸ். ஜப்பானில் 2016இல் தொடங்கிய ஒரு மாங்கா (படக்கதை) தொடரில் மோரியார்ட்டிதான் நாயகன், பிரபுக்களின் அநியாயத்துக்கு எதிராகப் போராடுகிறார். 2025இல் தொடங்கிய ‘வாட்சன்’ தொடரில் ஹோம்ஸ் இறந்துவிட்டதாக எல்லாரும் நம்பிய பிறகும் மோரியார்ட்டி வந்தார், நடித்தவர் நகைச்சுவைக்குப் பெயர்போன ராண்டல் பார்க்.

மொட்டைமாடியில சுட்டுக்கிட்டுச் செத்தானே, அப்புறம் ஏன் திரும்பக் கொண்டு வந்தாங்க?

கொண்டு வரவில்லை, வருவது போலக் காட்டினார்கள். அதுதான் என் ஆற்றாமையும். ‘ரைகன்பாக் ஃபால்’ முடிவில் பார்ட்ஸ் மருத்துவமனை மாடியில் ஜிம் வாயில் துப்பாக்கியை வைத்துச் சுட்டுக்கொள்கிறான். ஷெர்லாக் ஜெயிக்கக் கூடாது என்பதற்காகவே சாகிற வில்லன், அதற்கு மேல் ஒன்றும் சொல்ல இல்லை. ஆனால் 2014 ஜனவரியில் மூன்றாம் பருவம் முடியும்போது இங்கிலாந்தின் எல்லாத் திரைகளிலும் அவன் முகம் வந்து, “என்னைத் தேடினீர்களா?” என்கிறது. இரண்டு வருடம் காத்திருந்தோம். 2016 புத்தாண்டு சிறப்பு அத்தியாயத்தில் அவன் வந்தது ஷெர்லாக்கின் மனதுக்குள். 2017இல் வந்தது பழைய நினைவாகவும் முன்கூட்டிப் பதிவு செய்த காணொளிகளாகவும்.

நடிகர் அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டால் விட மனம் வராது, புரிகிறது. ஆனால் டாயில் பேராசிரியரை ஒரே கதையில் முடித்ததற்கு ஒரு பலன் இருந்தது, யாருக்கும் அவர் சலிக்கவில்லை. கடைசி அத்தியாயத்தில் ஹெலிகாப்டரிலிருந்து ஜிம் இறங்கி நடந்து வந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிச்சர்ட் புரூக்னு ஒரு நடிகன்னு சொல்றானே, அப்போ மோரியார்ட்டியே ஹோம்ஸோட கற்பனையா?

நல்ல சந்தேகம். பிபிசி தொடருக்குள் பதில் தெளிவு: இல்லை. ஜிம், தான் ரிச்சர்ட் புரூக் என்கிற நடிகன், ஷெர்லாக்தான் காசு கொடுத்து வில்லனாக நடிக்கவைத்தான் என்று பத்திரிகைக்காரியிடம் சொல்கிறான். அந்தப் பெயரை ஜெர்மனுக்கு மாற்றினால் ‘ரைகன்பாக்’. பொய்யிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

ஆனால் அந்தப் பொய் ஆகாயத்திலிருந்து வரவில்லை. இரண்டாம் கேள்வியில் சொன்னேனே, மூலத்தில் பேராசிரியரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் ஹோம்ஸ் சொன்னது. வேறு சாட்சியே கிடையாது என்று வாசகர்கள் வெகுகாலமாகக் கிண்டலடித்துவந்தார்கள். 1974இல் நிக்கலஸ் மேயர் எழுதிய நாவலில் மோரியார்ட்டி அப்பாவிக் கணக்கு வாத்தியார், கோகெய்ன் மயக்கத்தில் ஹோம்ஸ்தான் அவரைப் பேயாக்குகிறார். 1976இல் அது படமானபோது அந்த வாத்தியாராக நடித்தவர் லாரன்ஸ் ஒலிவியே. டாயில் விட்ட காலி இடத்தில் இதுகூடப் பொருந்துகிறது.

கடைசியா ஒண்ணு. மோரியார்ட்டி அண்ணன் தம்பி எத்தனை பேர்? எல்லாருக்கும் ஜேம்ஸ்னே பேரா?

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் படித்திருக்கிறீர்கள். 1893 கதையில் பேராசிரியருக்கு முதற்பெயரே இல்லை. இறந்த சகோதரருக்கு வக்காலத்து வாங்கிக் கடிதம் எழுதும் கர்னலின் பெயர்தான் ஜேம்ஸ் மோரியார்ட்டி. 1903இல் டாயில் அதை மறந்துபோய்ப் பேராசிரியருக்கே ஜேம்ஸ் என்று பெயர் வைத்துவிட்டார். ‘வேலி ஆஃப் ஃபியர்’ வந்தபோது மேற்கு இங்கிலாந்தில் ரயில் நிலைய அதிகாரியாக இன்னொரு சகோதரர் முளைத்தார். ஆக மூன்று பேர், இரண்டு ஜேம்ஸ்.

அதே நாவலில் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று. அது நடப்பது அருவிச் சம்பவத்துக்கு முன்பு, அதில் வாட்சனுக்கு மோரியார்ட்டியை நன்றாகத் தெரியும். அருவிக் கதையிலோ, “மோரியார்ட்டியைக் கேள்விப்பட்டிருக்கிறாயா?” என்று ஹோம்ஸ் கேட்க, வாட்சன் “இல்லவே இல்லை” என்கிறார். இதற்கு ரசிகர்கள் பக்கம் பக்கமாகச் சமாதானம் எழுதியிருக்கிறார்கள். என் சமாதானம் ஒரு வரிதான்: பழைய கதையைத் திருப்பி எடுத்துப் பார்க்க டாயிலுக்குப் பொறுமை இல்லை.